நம்ம ஊரே முதியோர் குடியிருப்புதான், திட்டம்தான் இல்லை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

வயசானவங்க எல்லாத்துக்கும் இன்னொருத்தரை எதிர்பார்த்துக் காத்திருக்காம, தன் வீட்டுல, தன் இஷ்டப்படி வாழணும்னா ஒரு ஊர் எப்படி இருக்கணும்? இந்த எபிசோடு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

இந்தத் தலைப்பை எடுத்தாலே பேச்சு கோயம்புத்தூர் பக்கம் போயிடும். காம்பவுண்டு சுவர், கேட், நடுவுல பூங்கா, பொது சாப்பாட்டுக் கூடம், மணி அடிச்சா வர்ற நர்ஸ். அதைப் பத்தியும் சொல்றேன். ஆனா நான் எடுத்துக்கிட்ட இடம் பெரம்பலூரும் அரியலூரும். சென்னை, பெங்களூரு, திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடான்னு பிள்ளைங்க கிளம்பிப் போயிட்டே இருக்கிற பகுதி இது. பின்னாடி வீட்டுல இருக்கிறவங்க அப்பா, அம்மா. சில வீடுகள்ல அம்மா மட்டும்.

என்னோட வாதத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த ரெண்டு மாவட்டத்துக்கும் புதுசா ஒரு "முதியோர் கிராமம்" கட்டுறது முதல் வேலை இல்லை. இருக்கிற கிராமங்கள் ஏற்கெனவே முதியோர் கிராமங்களா மாறிட்டு வருது. அதை அப்படின்னு ஒத்துக்கிட்டுத் திட்டம் போடறதுதான் முதல் வேலை.

முதல்ல எண்கள்

2011 கணக்கெடுப்புப்படி பெரம்பலூர் மாவட்டத்துல 5,65,223 பேர். அரியலூர்ல 7,54,894 பேர். சேர்த்தா சுமார் 13.2 லட்சம். அரியலூர்ல நகரத்துல வாழ்ந்தவங்க நூத்துக்கு 11 பேர்தான், பெரம்பலூர்ல 17. ஆக இது பெரும்பாலும் கிராமம்.

தமிழ்நாடு முழுக்கன்னு பார்த்தா, 2011-ல 60 வயசு தாண்டினவங்க நூத்துக்கு 10.4 பேர். மத்திய அரசு அமைச்ச மக்கள்தொகைக் கணிப்புக் குழு 2021-க்கு 13.6 சதவீதம்னும் 2031-க்கு 18.2 சதவீதம்னும் சொல்லுது. கேரளாவுக்கு அடுத்து வேகமா வயசாகிற பெரிய மாநிலங்கள்ல நாமும் ஒண்ணு.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. மாநிலச் சராசரியான 18.2 சதவீதத்தை அந்தப் பழைய 13.2 லட்சத்து மேல போட்டாலே சுமார் 2.4 லட்சம் பேர் வருது. இது என் கணக்கு, அதிகாரபூர்வ எண் இல்லை. அளவு எவ்வளவு பெருசுன்னு காட்டத்தான் போட்டேன்.

இதுக்குப் பக்கத்துல இன்னொரு எண்ணை வைங்க. 2007-ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தோட 19-ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு குறைஞ்சது ஒரு முதியோர் இல்லம், ஆதரவில்லாத 150 பேராவது தங்கற அளவுக்கு, மாநில அரசு அமைக்கலாம்னு சொல்லுது. கவனிங்க, "அமைக்கலாம்". சரி, அமைச்சாச்சுன்னே வெச்சுக்குவோம். ரெண்டு மாவட்டத்துக்கும் 300 கட்டில். 2.4 லட்சத்தை 300-ஆல வகுத்தா, 800 பேருக்கு ஒரு கட்டில்.

அதாவது 799 பேர் வீட்டுலதான் இருக்கப் போறாங்க. அந்த வீட்டையும் தெருவையும் பத்தி யாராவது யோசிக்கணும்.

"தனியா இருக்க முடியும்"னா என்ன அர்த்தம்?

நம்ம வீடுகள்ல இதை ஒரே கேள்வியா கேட்போம்: "அம்மா தனியா சமாளிப்பாங்களா, மாட்டாங்களா?" முதியோர் மருத்துவத்துல இதை ரெண்டு பட்டியலாப் பிரிச்சிருக்காங்க.

முதல் பட்டியல் 1963-ல சிட்னி காட்ஸ்ங்கிற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் வெளியிட்டது. ஆறு விஷயம்: குளிக்கிறது, உடுத்துறது, கழிப்பறைக்குப் போறது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுறது, சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்தறது, தானா சாப்பிடறது. எல்லாமே உடம்பு சம்பந்தப்பட்டது.

ரெண்டாவது பட்டியல் 1969-ல லாட்டன், பிராடி ரெண்டு பேரும் போட்டது. எட்டு விஷயம்: போன் பேசறது, கடைக்குப் போறது, சமைக்கிறது, வீட்டை வெச்சுக்கிறது, துணி துவைக்கிறது, வெளியே போய் வர்றது, மருந்தை நேரத்துக்குச் சாப்பிடறது, பணத்தைக் கையாள்றது.

பொதுவா முதல்ல நழுவறது ரெண்டாவது பட்டியல்தான். அம்மாவுக்குத் தானா குளிக்க முடியும், சாப்பிட முடியும். ஆனா பேங்குக்குப் போய் வர முடியாது. சர்க்கரை மாத்திரை தீர்ந்தா வாங்கிட்டு வர ஆள் இல்லை. உடனே நாம எடுக்கிற முடிவு "இனிமே தனியா இருக்க முடியாது, என்கூட வந்துடு".

ஆனா ரெண்டாவது பட்டியலைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அதுல பாதி உடம்பைப் பொறுத்தது இல்லை, இடத்தைப் பொறுத்தது. பேங்கு தெருமுனையில இருந்தா 75 வயசுலயும் போயிடலாம். எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்து, பஸ்ஸும் ரெண்டே வேளைதான்னா, 60 வயசுலயே முடியாது. உடம்பு அதே உடம்புதான். அதனால ஊரைத் திட்டமிடறதுன்னா என் கணக்குல இதுதான்: ரெண்டாவது பட்டியலோட சுமையை ஊர் வாங்கிக்கணும். அப்போ முதல் பட்டியல் நழுவற வரைக்கும், சில பேருக்குப் பத்து வருஷம்கூட, அவங்க அவங்க வீட்டுலயே இருக்கலாம்.

கட்டி எழுப்பின ஊர்கள்

இதுக்கு உலகத்துல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, புதுசா கட்டுறது. அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல டெல் வெப்ங்கிற கட்டுமானக்காரர் 1960 ஜனவரி 1-ஆம் தேதி சன் சிட்டின்னு ஒரு ஊரையே திறந்தார். வயசானவங்களுக்கு மட்டும். திறந்த வார இறுதியில வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே ஒரு லட்சம்னு சொல்வாங்க. நம்ம கோயம்புத்தூர் குடியிருப்புகள் இந்த வழியோட இந்திய வடிவம். அதோட ஒழுங்குமுறைக்காக மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019 மார்ச்சுல ஓய்வு இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டுது. வழுக்காத தரை, கைப்பிடி, சாய்தளம், அவசர அழைப்பு வசதின்னு அதுல இருக்கிறது எல்லாம் நல்ல விஷயம்தான்.

சிக்கல் என்னன்னா, அங்க வீடு வாங்க கையில பெரிய தொகை இருக்கணும், அப்புறம் மாசாமாசம் பராமரிப்புக் கட்டணம் கட்டணும். வேப்பந்தட்டையில ரெண்டு ஏக்கர் மானாவாரியில மக்காச்சோளமும் பருத்தியும் போட்ட ஒருத்தருக்கு அது வேற உலகம்.

ஏழைகளுக்கும் இந்த வழியில ஒரு முயற்சி நடந்திருக்கு, அதுவும் அரியலூருக்குப் பக்கத்து மாவட்டத்துலயே. 2004 சுனாமிக்கு அப்புறம் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைப்பு கடலூர்ல தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை உருவாக்குச்சு. அரியலூர்ல சிமென்ட் ஆலை இருக்கிற தாமரைக்குளம் வேற, இது வேற. ஆதரவு இழந்த சுமார் 100 பெரியவங்களுக்கான இடம். ஊர் நடக்கிறதுல அங்க இருக்கிற பெரியவங்களே பங்கெடுக்கணும்ங்கிறது அதோட கொள்கை. எனக்கு இதுல பிடிச்சது அந்தப் பெயர்தான். "இல்லம்"னு வைக்கல, "கிராமம்"னு வெச்சாங்க.

ஆனா அதுவும் 100 பேருக்குத்தான். 2.4 லட்சத்துக்கு அது போல 2,400 கட்டணும். நடக்காது. அதனால ரெண்டாவது வழிக்கு வருவோம்.

தானா உருவான ஊர்கள்

1980-கள்ல அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல மைக்கேல் ஹன்ட்ங்கிற பேராசிரியர் ஒண்ணைக் கவனிச்சார். வயசானவங்களுக்குன்னு யாரும் கட்டாத சில குடியிருப்புகள்ல வயசானவங்களே நிறைஞ்சிருக்காங்க. இளவயசுல குடிவந்தவங்க அங்கேயே வயசாகிட்டாங்க, பிள்ளைங்க போயிட்டாங்க. இதுக்கு "இயல்பாக உருவான ஓய்வுக் குடியிருப்பு"ங்கிற அர்த்தத்துல ஒரு பெயர் வெச்சார். சுருக்கமா நோர்க்.

1986-ல நியூயார்க்ல பென் சவுத்ங்கிற கூட்டுறவுக் குடியிருப்பு இதை வெச்சு ஒரு வேலை செஞ்சுது. யாரையும் இடம் மாத்தல. புதுக் கட்டடம் கட்டல. இருக்கிற அடுக்குமாடிக்குள்ளயே சமூகப் பணியாளர், நர்ஸ் எல்லாரையும் கொண்டுவந்தாங்க. அப்புறம் பாஸ்டன்ல பீக்கன் ஹில்ங்கிற பகுதியில குடியிருந்தவங்களே சேர்ந்து ஒரு சங்கம் மாதிரி ஆரம்பிச்சாங்க. வருஷச் சந்தா கட்டுவாங்க. ரெண்டு மூணு ஊழியர்கள் போனை எடுப்பாங்க. பல்பு மாத்தணுமா, ஆஸ்பத்திரிக்குத் துணை வேணுமா, ஆள் அனுப்பி வைப்பாங்க.

இப்ப பெரம்பலூர், அரியலூரைப் பாருங்க. ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து 322 கிராம ஊராட்சி. சராசரியா ஒரு ஊராட்சிக்கு 3,500 பேர். 2031-ன் 18.2 சதவீதத்தைப் போட்டா, ஒவ்வொரு ஊராட்சியிலயும் 600-க்கு மேல 60 தாண்டினவங்க. வேலைக்குப் போன இளவயசுக்காரங்களைக் கழிச்சா, உண்மையில ஊர்ல ராத்திரி தூங்கறவங்கள்ல அவங்க பங்கு இன்னும் அதிகம். அந்தக் குடியிருப்புகளுக்கு ஹன்ட் பெயர் வெச்ச மாதிரி நம்ம ஊருக்கு யாரும் பெயர் வைக்கல, அவ்வளவுதான்.

ஏற்கெனவே கையில இருக்கிறது

இதுல நல்ல செய்தி என்னன்னா, தமிழ்நாட்டுல நாம பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கல.

பணம்: முதியோர் ஓய்வூதியம் இங்க 1962-லயே வந்துடுச்சு. 2023-ல அதை மாசம் 1,200 ரூபாயாக்கினாங்க. அதுல மத்திய அரசு பங்கு 60 முதல் 79 வயசு வரை வெறும் 200 ரூபாய், 80 தாண்டினா 500. மீதி மாநிலம்.

சாப்பாடு: சத்துணவு மையத்துல முதியோர் ஓய்வூதியம் வாங்கறவங்களுக்கும் மதியச் சாப்பாடு உண்டு. 1983-ல சேர்த்தது. இது நிறைய பேருக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் பள்ளிக்கூடத்துல போய்த் தட்டேந்தக் கூச்சம்.

மருந்து: 2021 ஆகஸ்டுல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருது. படுக்கையில இருக்கிறவங்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதுல அடக்கம்.

ரேஷன்: 2025 ஆகஸ்டுல வந்த தாயுமானவர் திட்டத்துல வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டு வாசலுக்கு வருது.

ஆஸ்பத்திரி: அரியலூர்ல 2022 ஜனவரியில அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. பெரம்பலூர்ல மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கு. அவசரத்துக்கு 108. மூத்த குடிமக்களுக்குன்னே 14567-னு ஓர் உதவி எண்ணும் இருக்கு.

இதையெல்லாம் லாட்டன், பிராடியோட எட்டு வரிக்குப் பக்கத்துல எழுதிப் பாருங்க. மருந்து, கடை, சாப்பாடு, பணம்னு நாலு வரிக்கு எதிர்ல ஏதோ ஒரு திட்டம் இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு துறை. மாத்திரை சுகாதாரத் துறை, அரிசி கூட்டுறவுத் துறை, ஓய்வூதியம் வருவாய்த் துறை, சத்துணவு சமூக நலத் துறை. மாத்திரை கொண்டுவர்ற அக்காவுக்கு அந்த வீட்டுக்கு ஓய்வூதியம் ரெண்டு மாசமா வரலைன்னு தெரியும். ஆனா சொல்ல ஓர் இடம் இல்லை. என் தொழில் பாஷையில சொன்னா, எல்லா சர்வீஸும் ஓடிட்டிருக்கு, ஒண்ணோட ஒண்ணு பேசல.

என்ன இல்லை?

முதல்ல வீடு. நம்ம பகுதியில தரைமட்டத்திலிருந்து ஒண்ணரை, ரெண்டு அடி உயரத்துலதான் வீடு ஆரம்பிக்கும். மழைத்தண்ணி உள்ள வரக்கூடாதுங்கிறது நியாயமான காரணம். ஆனா வாசல்ல ரெண்டு உயரமான படி, பிடிக்க எதுவும் இல்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் 1:12 கணக்குல இருக்கணும். ரெண்டு அடி உயரத்துக்கு 24 அடி நீளம். நம்ம வாசல்ல அவ்வளவு இடம் கிடையாது. அதனால எல்லா வீட்டுக்கும் சாய்தளம்னு சொல்றது காகிதத்துக்குத்தான் சரி. உயரமான ரெண்டு படியை உயரம் குறைஞ்ச நாலு படியா மாத்தி, ரெண்டு பக்கமும் இரும்புக் குழாய்க் கைப்பிடி வெச்சாலே நடக்க முடியறவங்களுக்குப் பெரிய வித்தியாசம். ஊர் வெல்டிங் பட்டறையில ஒரு நாள் வேலை.

கழிப்பறை இன்னும் மோசம். தோட்டத்துக் கடைசியில, தரையோட பதிச்ச பீங்கான். முட்டி வலிக்கிறவங்க உக்காந்து எழ முடியாது, ராத்திரி இருட்டுல நடந்து போகணும். விழுறதும் அங்கதான். இடுப்பெலும்பு ஒரு தடவை உடைஞ்சா, முதல் பட்டியல்ல ஆறு வரியும் ஒரே நாள்ல ஆட்டம் காணும். சிங்கப்பூர்ல வீட்டுவசதி வாரியம் 2012-லேருந்து ஒரு திட்டம் நடத்துது. வயசானவங்க இருக்கிற வீடுகளுக்குக் கைப்பிடி, வழுக்காத தரை, சின்னச் சாய்தளம், இவ்வளவுதான். பெரும்பகுதிச் செலவை அரசு ஏத்துக்குது. நம்மகிட்டயும் இதுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு. 2030-க்குள்ள 8 லட்சம் வீடு கட்டறதா சொல்ற கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல ஒரு வீடு 360 சதுர அடி. அந்த வரைபடத்துல அகலமான கதவும், வீட்டோட ஒட்டின, உக்கார்ற மாதிரி கழிப்பறையும் கட்டாயம்னு ஒரு தடவை எழுதிட்டா, இன்னைக்கு 40 வயசுல அந்த வீட்டுக்குக் குடிபோறவங்களுக்கு 70 வயசுல அது உதவும்.

ரெண்டாவது, தெரு. அரியலூர்ல சுண்ணாம்புக்கல் லாரி ஓடற சாலையை ஒரு பாட்டி கடந்து போறதைக் கற்பனை பண்ணுங்க. பெரம்பலூர்ல பாடாலூர், சிறுவாச்சூர் மாதிரி ஊர்கள் நாலுவழிச் சாலை ஓரத்துல இருக்கு. எதிர்ப்பக்கம் போகணும்னாலே யோசிக்கணும். உலக சுகாதார அமைப்பு 2007-ல வெளியிட்ட முதியோர் நேய நகரங்கள் வழிகாட்டி எட்டுத் துறைகளைச் சொல்லுது. அதுல முதல் மூணு வெளியிடம், போக்குவரத்து, வீடு. மருத்துவம் எட்டுல ஒண்ணுதான். நாம எட்டையும் மருத்துவமாவே பார்க்கிறோம்.

மூணாவது, துணை. ஆம்பளைங்களுக்கு டீக்கடை, கோயில் மண்டபம், மரத்தடி இருக்கு. பொம்பளைங்க மத்தவங்களைப் பார்க்கிற இடம் ரேஷன் வரிசையும் நூறு நாள் வேலையும்தான். இப்ப ரேஷன் வீட்டுக்கே வருது. கால் வலிக்கு நல்லது. ஆனா மாசத்துல ஒரு நாள் வெளியே போற காரணமும் போச்சு. வாசலுக்குப் பொருளைக் கொண்டுவரும்போதே ஆளை வெளியே கொண்டுவர இன்னொரு காரணத்தையும் உருவாக்கணும். கேரளாவுல பல ஊராட்சிகள் பகல் வீடுன்னு நடத்துது. காலையில வந்து, சாப்பிட்டு, பேசிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். தமிழ்நாடும் 2025-26 பட்ஜெட்டுல 25 அன்புச்சோலை மையங்களை அறிவிச்சுது. அது பெரிய மாநகராட்சிகளை மனசுல வெச்சு ஆரம்பிச்சது. செந்துறைக்கும் ஆலத்தூருக்கும் அது வரணும்.

ஓர் ஊராட்சிக்கு வரைபடம் போட்டா

சிங்கப்பூர்ல கம்போங் அட்மிரால்டின்னு ஒரு கட்டடம் இருக்கு. கம்போங்னா மலாய் மொழியில கிராமம். வயசானவங்களுக்கு 104 சின்ன வீடு, கீழே உணவுக் கடைகள், மருத்துவ மையம், குழந்தைகள் காப்பகம், பெரியவங்க கூடற இடம், எல்லாம் ஒரே வளாகம். 2018-ல உலகக் கட்டடக்கலை விழாவுல அந்த ஆண்டின் சிறந்த கட்டடம்னு பரிசு வாங்குச்சு. அதோட ரகசியம் பக்கத்துப் பக்கத்துல வெச்சதுதான். பேரனைக் காப்பகத்துல விட வர்ற பாட்டி அப்படியே ரத்தக் கொதிப்பு பார்த்துட்டு, சாப்பிட்டுட்டு, நாலு பேரோட பேசிட்டுப் போவாங்க.

நம்ம ஊராட்சியில அங்கன்வாடி இருக்கு, சத்துணவு மையம் இருக்கு, நூலகம் இருக்கு, பல இடத்துல துணை சுகாதார நிலையமும் இருக்கு. சிங்கப்பூர் பல மாடி அடுக்கிச் செஞ்சதை நாம ஒரே தெருவுல வரிசையா செய்யலாம். குழந்தைகளையும் பெரியவங்களையும் ஒரே இடத்துல சேர்க்கிறதும் நமக்குப் புதுசு இல்லை. தமிழ்நாட்டுல 25 பெரியவங்க, 25 ஆதரவற்ற குழந்தைகள் சேர்ந்து இருக்கிற ஒருங்கிணைந்த வளாகங்கள் அரசு உதவியோட நடக்குது.

அப்ப ஓர் ஊராட்சிக்கு என்ன வேணும்? ஒண்ணு, 70 தாண்டின, தனியா இருக்கிற எல்லாரோட பட்டியல். ரெண்டு, சம்பளத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், முடிஞ்சா அதே ஊர் மகளிர் குழுவிலிருந்து. அவங்க வேலை வைத்தியம் பார்க்கிறது இல்லை. எந்தத் துறைக்கு எந்த வீட்டுப் பிரச்சினையைச் சொல்லணும்னு சொல்றது. மூணு, நடந்து போற தூரத்துல ஒரு பகல் வீடு. நாலு, வாரத்துல ரெண்டு நாள் பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் நேரம் குறிச்ச ஒரு வண்டி. பெண்களுக்கு 2021-லேருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல இலவசம். ஆனா ஸ்டாப் வரைக்கும் நடக்க முடியணுமே. அஞ்சு, வெல்டரும் கொத்தனாரும் சேர்ந்து படி, கைப்பிடி, கழிப்பறை மாத்தற ஒரு சின்ன நிதி.

ஜப்பான்ல இதுக்கு ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க. தேவையான சேவை அரை மணி நேரத்துல கிடைக்கிற பரப்பளவுதான் ஒரு வட்டாரம். கிலோமீட்டர்ல இல்லை, நிமிஷத்துல அளக்கிறாங்க. நம்ம ஊராட்சிக்கும் அந்தக் கணக்கையே போடலாம்: ஒரு பாட்டி கால்ல எத்தனை நிமிஷம்?

பகல் வீடு எந்தத் தெருவுல?

இதைச் சொல்லாம விட்டா மேல சொன்ன வரைபடம் பொய்யாயிடும். பகல் வீட்டை ஊர்த்தெரு கோயில் மண்டபத்துல வெச்சா, காலனித்தெரு பெரியவங்க வர மாட்டாங்க. வர விட மாட்டாங்கன்னும் சொல்லலாம். எழுபது வருஷமா அந்தத் திண்ணையில உக்காராத ஒருத்தர், எழுபத்தொண்ணாவது வயசுல சுவர்ல ஒரு போர்டு மாட்டினதுக்காக வந்து உக்கார மாட்டார். 1990-களோட கடைசியில ஆரம்பிச்ச சமத்துவபுரங்கள்ல, ஒவ்வொண்ணுலயும் 100 வீட்டை எல்லாச் சாதிக்காரங்களுக்கும் கலந்து ஒதுக்கினதும் இதே பிரச்சினையைத் திட்டத்தால தொட்டுப் பார்த்த முயற்சிதான். அதனால இடத்தேர்வுல ஒரு விதி வைக்கலாம்: பள்ளிக்கூடம், அங்கன்வாடி மாதிரி அரசு இடம், ரெண்டு தெருவுக்கும் நடுவுல. சமைக்கிறவங்களும் ரெண்டு பக்கத்திலிருந்தும்.

நேயர் கேள்விகள்

"இதுக்கெல்லாம் காசு யார் குடுப்பா?"

பெரும்பகுதி செலவு ஏற்கெனவே அரசு செஞ்சிட்டிருக்கிறதுதான். புதுசா வேணும்ங்கிறது ஒருங்கிணைப்பாளர் சம்பளம், வண்டி, கைப்பிடி நிதி. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துல இதைச் சேர்க்கலாம். கிராம சபையில யாராவது எழுந்து கேக்கணும். அக்டோபர் 1 உலக முதியோர் நாள், அக்டோபர் 2 கிராம சபை. தேதியே சேர்ந்து வருது. இன்னொண்ணு, கும்பாபிஷேகம்னா தலைக்கட்டு வரி போடறோம், வெளிநாட்டுல இருக்கிற பசங்க வாட்ஸ்அப் குழுவுல ஒரே வாரத்துல பணம் சேருது. பீக்கன் ஹில்லோட சந்தாவும் அடிப்படையில ஒரு தலைக்கட்டு வரிதான்.

"அப்பா அம்மாவை என்கூடவே கூட்டிட்டு வந்துட்டா என்ன?"

கூட்டிட்டு வரலாம். அவங்க விரும்பினா. ஆனா ரெண்டாவது பட்டியலை வெச்சுப் பாருங்க. ஊர்ல தானா கடைக்குப் போன அம்மா, மூணாவது மாடி வீட்டுல மொழி தெரியாத தெருவுல எதுக்கும் உங்களை எதிர்பார்ப்பாங்க. அவங்க நல்லதுக்குன்னு நாம எடுத்த முடிவே அவங்க சுதந்திரத்தை ஒரே நாள்ல குறைச்சிடலாம். முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி, எட்டுல எது அவங்களால முடியல, அது உடம்பாலயா, இடத்தாலயான்னு ஒரு தடவை எழுதிப் பாருங்க.

"முதல் பட்டியலே போயிட்டா?"

அப்ப ஊர் மட்டும் போதாது. மறதி நோய், படுத்த படுக்கை இதுக்கெல்லாம் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் வேணும். அதையும் மருமகள் தலையிலயோ மகள் தலையிலயோ கட்டிட்டு "சமுதாயம் பார்த்துக்குது"ன்னு சொல்லக் கூடாது. அதுக்கு இல்லம் வேணும், ஆனா பக்கத்துல. சட்டம் சொல்ற அந்த 300 கட்டிலை மாவட்டத் தலைநகரத்துல குவிக்காம, பெரம்பலூரோட 4 ஒன்றியம், அரியலூரோட 6 ஒன்றியம், ஆக 10 இடத்துல பிரிச்சா ஒன்றியத்துக்கு 30. பார்க்க வர்றவங்க டவுன் பஸ்ல வந்துட்டுப் போகலாம். டென்மார்க் 1980-களோட கடைசியிலயே பழைய மாதிரி பெரிய இல்லங்கள் கட்டறதை நிறுத்திட்டு, வீட்டுக்கு வர்ற சேவைக்கும் சின்ன வீடுகளுக்கும் மாறிடுச்சு. நாம அவங்க விட்ட இடத்துலேருந்து ஆரம்பிக்கலாம், அவங்க கைவிட்டதைக் கட்டிட்டு இருக்க வேண்டியதில்லை.

இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லிட்டு முடிக்கிறேன். ஊருக்குப் போன் பண்ணும்போது "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா"வோட நிறுத்தாம, "கடைசியா எப்போ வீட்டை விட்டு வெளிய போன, எங்க போன, யாரைப் பார்த்த"ன்னு கேளுங்க. பக்கத்து வீட்டுல தனியா இருக்கிறவங்களைப் பத்தியும் கேளுங்க. வர்ற பதிலைக் குறிச்சு வைங்க. உங்க ஊராட்சிக்கான பட்டியல்ல முதல் ரெண்டு வரி அதுதான்.

அடுத்த எபிசோடுல சந்திக்கலாம். உங்க ஊர்ல பகல் வீடு மாதிரி ஏதாவது நடந்துட்டிருந்தா குரல் பதிவு அனுப்புங்க, சேர்த்துக்கிறோம்.